டிக்: குழந்தையின் கண்கொட்டலும் சீனர்களின் ‘ஈரல் காற்றும்’

டிக் என்றதும் சரி போடும் குறியோ கடிகாரச் சத்தமோதான் நமக்கு ஞாபகம் வரும். மருத்துவர் சீட்டில் எழுதுகிற டிக் வேறு. திடீரென்று, வெடுக்கென்று, தாளம் இல்லாமல், ஆனால் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிற அசைவு அல்லது சத்தம் அது. கண்ணைக் கொட்டிக்கொண்டே இருப்பது, மூக்கைச் சுளிப்பது, தோளைத் தூக்கிப் போடுவது, கழுத்தை வெட்டுவது எல்லாம் அசைவு வகை; தொண்டையைச் செருமுவது, மூக்கை உறிஞ்சுவது, காரணமே இல்லாமல் ‘ம்க்கும்’ என்பது எல்லாம் குரல் வகை. பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கி, 10, 12 வயது வாக்கில் உச்சத்துக்குப் போய், அப்புறம் பலருக்குத் தானாகவே தணிந்துவிடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். ஓராண்டு தாண்டியும், ஒன்றுக்கு மேற்பட்ட அசைவு டிக்கும் குறைந்தது ஒரு குரல் டிக்கும் இருந்தால் அதற்கு டூரெட் என்று பெயர்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளைக் கேட்டால், அது வருவதற்கு முன் உள்ளே ஓர் உறுத்தல் இருக்கும், செய்துவிட்டால்தான் அடங்கும் என்பார்கள். தும்மல் மாதிரி: கொஞ்ச நேரம் அடக்கலாம், நிரந்தரமாக அடக்க முடியாது. ‘பள்ளியில் ஒழுங்காகத்தானே இருந்தான், வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டானே, அப்போ வேணும்னே செய்கிறான்’ என்று பெற்றோர் முடிவு கட்டுவது இதைத் தெரிந்துகொள்ளாததால்தான். பகலெல்லாம் அடக்கி வைத்தது வீட்டில் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

சொல் பிரெஞ்சுக்காரர்களுடையது. 17-ஆம் நூற்றாண்டில் அது முதலில் மனிதருக்குச் சொன்னதில்லை, குதிரைக்குச் சொன்னது. லாயத்தில் கட்டிக்கிடக்கும் குதிரை தீவனத் தொட்டியின் விளிம்பைப் பல்லால் கவ்வி, கழுத்தை வெட்டி இழுத்து, காற்றை விழுங்கும்; அந்தக் கெட்ட பழக்கத்துக்குத்தான் டிக் என்று பெயர். பிறகு மனிதரின் முகச்சுளிப்புக்கும் அதே சொல் ஏறியது. 1825-இல் இத்தார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதுபோன்ற துன்பம் கொண்ட ஒரு சீமாட்டியைப் பற்றி எழுதினார். 1885-இல் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஜில் த லா டூரெட் ஒன்பது நோயாளிகளைத் தொகுத்து எழுத, அவருடைய ஆசான் ஷார்கோ அந்த நோய்க்குச் சீடரின் பெயரையே வைத்தார். நோய்க்கு மனிதப் பெயர் வந்தும் குதிரைக் கொட்டடி வாசனை மட்டும் போகவில்லை. ‘கெட்ட பழக்கம், திட்டினால் நின்றுவிடும்’ என்ற எண்ணம் இன்றும் உலகம் முழுக்க இருக்கிறது.

சீனத்தில் இன்று இதற்குச் ‘ச்சோவ்தோங்’ என்று பெயர். ச்சோவ் என்றால் இழுத்தல், தோங் என்றால் அசைதல். நம் ஊரில் ‘கை கால் இழுத்துக்கொண்டது’ என்கிறோமே, அதே இழுப்பு. பேச்சுச் சீனத்தில் வலிப்பு வருவதை ‘ச்சோவ்ஃபெங்’ என்பார்கள், அதாவது காற்று இழுப்பது. டூரெட்டுக்கு அவர்கள் வைத்த பழைய பெயர் இன்னும் மோசம்: ‘இழுப்பு அசைவு, ஆபாசப் பேச்சு நோய்த்தொகை’. கெட்ட வார்த்தை தன்னையறியாமல் வந்து விழுவது டூரெட் உள்ளவர்களில் சிறுபான்மையினருக்குத்தான். ஆனால் பெயரிலேயே அதை ஒட்டிவிட்டால் பத்து வயதுப் பையன் வகுப்பில் என்ன பாடுபடுவான் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது ‘ச்சோவ்தோங் கோளாறு’ என்று சுருக்கமாகச் சொல்வது அதிகமாகியிருக்கிறது, நல்லது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ச்சோவ்தோங் என்ற நோய்ப்பெயர் மேற்கத்திய மருத்துவத்தின் டிக்குக்கு ஈடாக வந்த புதுப்பெயர்; பழைய சீன மருத்துவ நூல்களில் அப்படி ஒரு தனி நோய் கிடையாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் கஷாயம் பழைய கணக்கில் போடுவது. அந்தக் கணக்கின் பெயர் ‘கான்ஃபெங்’, சொல்லுக்குச் சொல் ஈரல் காற்று. சீன மருத்துவத்தின் மூலநூலான ஹுவாங்தி நெய்ஜிங், ஆட்டமும் தலைச்சுற்றலுமாக வரும் காற்று நோய்கள் எல்லாம் ஈரலைச் சேர்ந்தவை என்கிறது. இந்த ஈரல் நம் ஸ்கேனில் தெரிகிற ஈரல் இல்லை. நரம்பு, தசைநாண், கண், கோபம் எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கட்டி அதற்கு ஈரல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘உங்கள் பிள்ளைக்கு ஈரலில் காற்று’ என்று சீன வைத்தியர் சொன்னதைக் கேட்டு ஈரல் பரிசோதனைக்கு ஓடினால் காசுதான் வீண்.

சீனாவை வட சொங் அரச மரபு ஆண்ட காலத்தில் வாழ்ந்த ச்சியன் யி என்பவரைச் சீனக் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்பார்கள். பேரரசர் ஷென்சோங்கின் மகனுக்கு இழுப்பு வந்தபோது இவர் அடுப்பு மண் சேர்த்த ‘மஞ்சள் மண் கஷாயம்’ கொடுத்துத் தீர்த்தார் என்று சொங் வரலாறு சொல்கிறது. எப்படித் தீர்ந்தது என்று பேரரசர் கேட்டாராம். மண் நீரை வெல்லும், நீர் சமநிலைக்கு வந்தால் காற்று தானே அடங்கும் என்பது பதில். அவர் சொன்னவற்றைத் தொகுத்து 1119-இல் வெளிவந்த நூலில் ஒரு பத்தி உண்டு: ஈரல் காற்று கிளம்பித் தலைக்கும் கண்ணுக்கும் ஏறுகிறது, கண் ஈரலுக்கு உரியது, காற்று கண்ணுக்குள் புகுந்து மேலும் கீழும் இடமும் வலமும் வீசுகிறது, குழந்தையால் தாங்க முடியவில்லை, அதனால் கண்ணை விடாமல் கொட்டுகிறது. டிக்கைப் பற்றிய மிகப் பழைய வருணனை என்று இதைத்தான் இன்று சீனத்தில் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கண்கொட்டல் வருணனை அச்சு அசலாக இருக்கிறது, சரி. ஆனால் இளவரசனுக்கு வந்தது வலிப்பு, டிக் இல்லை. வலிப்பு, நடுக்கம், கண்கொட்டல் எல்லாம் அந்தக் காலத்தில் காற்று என்ற ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. அந்தக் கூரையின் ஒரு மூலையைப் பெயர்த்து எடுத்து, ‘ஆயிரம் ஆண்டுகளாக டிக்குக்கு மருந்து வைத்திருக்கிறோம்’ என்று விற்பது விளம்பரம், வரலாறு இல்லை.

சரி, கஷாயத்தில் என்னதான் போடுகிறார்கள்? தியன்மா என்ற கிழங்கு முக்கியம். இலையும் பச்சையமும் இல்லாத ஆர்க்கிட் செடி, மண்ணுக்குள் ஒரு காளானைத் தின்று வாழ்கிறது. அடுத்து கோவ்தெங், கொக்கி முள்ளோடு கூடிய கொடித்தண்டு. நீண்ட நேரம் கொதித்தால் அதன் ஆல்கலாய்டுகள் என்ற மருந்துச் சத்துகள் குறைந்துவிடும் என்பதால் இறக்குவதற்குச் சற்று முன்புதான் போட வேண்டும். கூடவே வெண்பியோனி வேர். இழுப்பு விடாப்பிடியாக இருந்தால் பூச்சிகள் வரும்: சில்வண்டு உரித்த தோல், பூஞ்சை பிடித்து விறைத்துச் செத்த பட்டுப்புழு, உலர்ந்த முழுத் தேள். துடிப்பாக ஊர்கிறவையும் பறக்கிறவையும் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் காற்றைத் தேடிப் பிடிக்கும் என்பது அவர்கள் நியாயம். ஷிசாங்பூ என்ற வேரும் சேரும். அது நம் வசம்புக்கு மிக நெருங்கிய சொந்தம். பேர் சொல்லாதது, பிள்ளை வளர்ப்பான் என்று நாம் சுட்டு உரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிற அதே குடும்பம். அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு சொந்தமும் உண்டு. டிக்குக்கென்று சீன அரசு 2019-இல் அனுமதித்த ‘ஷாவ்மா ஜிஜிங்’ என்ற குருணை வடிவ மருந்தில் 11 சரக்குகள். அவற்றில் ஒன்று நெருஞ்சி. நாம் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் தேடுகிற நெருஞ்சியை அவர்கள் ஈரல் காற்றை அடக்கவும் கண்ணுக்கும் தேடுகிறார்கள். மூலிகை ஒன்றாக இருப்பதால் மருத்துவமும் ஒன்று என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பலன் இருக்கிறதா என்றால், இதே குருணையை வைத்து 603 இளம் நோயாளிகளிடம் 8 வாரம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. குருணை, டயாப்ரைடு என்ற மாத்திரை, மருந்துச் சரக்கே இல்லாத போலி மருந்து என்று மூன்று குழு. குருணை கிட்டத்தட்ட மாத்திரை அளவுக்கு வேலை செய்தது, பக்கவிளைவும் மாத்திரையைவிடக் குறைவு. ஆனால் போலி மருந்து சாப்பிட்டவர்களிலும் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தேறினார்கள்! டிக்கின் சுபாவமே அதுதான், ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம், அடுத்து அது இறங்கத்தான் போகிறது, பெயரை மருந்து தட்டிக்கொள்ளும். 2019-இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி பழைய ஆய்வுகளை எல்லாம் அலசியபோது, இந்தக் குருணைக்குப் பலன் இருக்கக்கூடும் என்பதற்கு நடுத்தர நம்பிக்கை அளவு கொடுத்தது. மருந்தே இல்லாத நடத்தைப் பயிற்சிக்குக் கொடுத்தது அதைவிட உயர்ந்த அளவு. அந்தப் பயிற்சியில் உறுத்தல் வரும்போதே அதைக் கண்டுகொண்டு, டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத வேறோர் அசைவைச் செய்யக் குழந்தைக்குப் பழக்குவார்கள். தொழிற்சாலையில் ஒரே தரத்தில் வரும் குருணைக்கு இருக்கும் இந்த ஆதாரத்தைக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் கஷாயத்துக்கு நீட்ட முடியாது. மனத்தை அமைதிப்படுத்தும் பழைய சீன மருந்துகள் சிலவற்றில் சாதிலிங்கம் உண்டு, அது பாதரசம் கலந்த கூட்டுப்பொருள். சரக்கின் பெயர் சொல்லாத பொட்டலத்தைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

இனி டிக்குக்குத் தமிழ்ச் சொல். வலிப்பு என்று போடவே கூடாது. வலிப்பு என்றால் மூளையில் மின்னோட்டம் தாறுமாறாகி நினைவு தப்புவது வரை போகும், அதன் மருந்து வேறு, முதலுதவி வேறு. டிக்கில் நினைவு தெளிவாக இருக்கும். நடுக்கம் தாளத்தோடு வருவது. துடிப்பு என்றால் இமைக்குள் ஒரு சின்னத் தசை தானாகத் துள்ளுவது, இடக்கண்ணா வலக்கண்ணா என்று நாம் சகுனம் பார்ப்பது. இழுப்பு பொருத்தம்தான், ஆனால் பாதி ஊரில் அது மூச்சிரைப்பு. இசிவு தசை இறுகிப்போவது. சேட்டை, கோணங்கித்தனம் எல்லாம் பிள்ளை மேல் பழி போடுகிற சொற்கள்.

எனக்குச் சரியாகப் படுவது ‘சொடுக்கு’. டிக் போலவே சின்னச் சொல், வெடுக்கென்ற தன்மை அதிலேயே இருக்கிறது, விரலைச் சொடுக்கும்போது அசைவும் சத்தமும் சேர்ந்தே வருவதால் அசைவுச் சொடுக்கு, குரல் சொடுக்கு என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். கணினியில் கிளிக்குக்கும் இதையே வைத்திருக்கிறோமே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், குழந்தையின் கண்ணில் வருவதை யாரும் மவுஸ் என்று நினைக்கப் போவதில்லை. மருத்துவரிடம் பேசும்போது மட்டும் டிக் என்றே சொல்லிவிடுங்கள்.

கான்ஃபெங்குக்கு ‘ஈரல் வளி’ என்று எழுதத் தோன்றும், கேட்கவும் அழகு. ஆனால் குறள் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்னும்போது வளி என்பது வாதம். உடம்பில் எப்போதும் இருந்து அளவு மாறும்போது நோய் தருவது அது. சீனரின் ஃபெங் அப்படி இல்லை. உடம்பின் உள்ளே கிளம்பினாலும் வெளியிலிருந்து புகுந்தாலும் அது வந்து தாக்குகிற ஒன்று. எனவே வெறும் ‘காற்று’ போதும்.

அந்த 2019 குருணையின் பெட்டியில் உள்ள பயன்பாட்டுக் குறிப்பை இந்தச் சொற்களில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘டூரெட்டுக்கும் நாட்பட்ட சொடுக்குக்கும், ஈரல் மேலோங்கிக் காற்று கிளம்பி, சளியும் சூடும் உள்ளே கலக்கும் வகைக்கு.’ விற்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பவர் இரண்டாம் பாதியை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் அதே சொடுக்கோடு மெலிந்து, பசி இல்லாமல், வெளிறிப்போய் வருகிற குழந்தையைச் சீன வைத்தியர் ‘மண்ணீரல் பலவீனம்’ என்ற வேறு வகையில் வைப்பார், அதற்குச் சீட்டில் எழுதும் சரக்குகளும் மாறும்.