எஸ்டோனியாவில் வெளிநாட்டவருக்கு இருந்த உள்ளாட்சி வாக்குரிமை: யார் இழந்தார்கள், ஏன் இழந்தார்கள்?

முதலில் இப்போதைய நிலை. ரஷ்யாவை ஒட்டிய சிறிய ஐரோப்பிய நாடான எஸ்டோனியாவின் உள்ளாட்சித் தேர்தலில் இனி அந்நாட்டுக் குடிமக்களும், அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாட்டினரும் மட்டுமே வாக்களிக்கலாம். வயது 16 நிறைந்திருக்க வேண்டும். 2025 மார்ச் 26 அன்று நாடாளுமன்றமான ரீகிகோகு, அரசியலமைப்பின் 156ஆவது பிரிவைத் திருத்தி இதைக் கொண்டுவந்தது. 101 உறுப்பினர்களில் 93 பேர் ஆதரித்தார்கள், 7 பேர் எதிர்த்தார்கள். ஏப்ரலில் அதிபர் அலர் காரிஸ் கையெழுத்திட்டார். அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலிலேயே விதி நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்பு, நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி வைத்திருந்த எவரும், எந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு இருந்தாலும், தங்கள் ஊர் மன்றத்துக்கு வாக்களிக்க முடிந்தது. அந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட எஸ்டோனியா, 1940 சோவியத் ஆக்கிரமிப்புக்கு முன் குடிமக்களாக இருந்தவர்களையும் அவர்கள் வாரிசுகளையும் மட்டுமே தானாகக் குடிமக்களாக ஏற்றது. சோவியத் காலத்தில் வேலைக்காக வந்து குடியேறியவர்கள் மொழித்தேர்வு எழுதித்தான் குடியுரிமை பெற வேண்டும். சிலர் எழுதினார்கள், சிலர் ரஷ்யக் கடவுச்சீட்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டும் செய்யாமல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றவர்களும் உண்டு. மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அன்று இந்த நிலையில் இருந்தார்கள். அவ்வளவு பேரை ஊர் நிர்வாகத்திலிருந்தே ஒதுக்கினால் நாடு நிம்மதியாக இருக்காது என்று புரிந்துதான் 1992 அரசியலமைப்பு உள்ளாட்சி வாக்கைக் கொடுத்தது. 1993இலிருந்து அவர்கள் வாக்களித்தார்கள். வேட்பாளராக நிற்க முடியாது, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்கு கிடையாது. பக்கத்து நாடான லாட்வியா இதைக்கூடக் கொடுத்ததில்லை.

சரி, 30 ஆண்டுக்கு மேல் இருந்த உரிமையை ஏன் எடுத்தார்கள்? 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது தொடுத்த போர்தான் காரணம். எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13.7 லட்சம். ரஷ்யக் குடியுரிமையோடு வாழ்பவர்கள் சுமார் 80,000 பேர். இந்தப் பதற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கிழக்கு எல்லையில் உள்ள நார்வாவுக்குப் போக வேண்டும். அங்கே பேச்சுமொழி பெரும்பாலும் ரஷ்யன். ஆற்றின் இந்தக் கரையில் எஸ்டோனியாவின் கோட்டை, எதிர்க்கரையில் ரஷ்யாவின் இவான்கோரோத் கோட்டை. நடுவிலுள்ள பாலத்தில் 2024 முதல் வாகனங்கள் போவதில்லை. மக்கள் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று நடந்தே கடக்கிறார்கள். 2023 மே 9 அன்று, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை வென்றதை ரஷ்யா கொண்டாடும் வெற்றி நாளுக்கு, ரஷ்யத் தரப்பு நார்வா மக்கள் பார்க்கும்படி எதிர்க்கரையில் பெரிய திரை வைத்துக் கச்சேரி நடத்தியது. நார்வா அருங்காட்சியகமோ தன் கோட்டைச் சுவரில் புதினைப் போர்க் குற்றவாளி என்று சொல்லும் பதாகையைத் தொங்கவிட்டது.

இப்படி ஒரு அண்டை நாட்டை வைத்துக்கொண்டு, அதன் குடிமக்கள் நம் ஊர் மன்றத்தைத் தேர்ந்தெடுப்பதா என்பதுதான் திருத்தத்தை ஆதரித்தவர்களின் கேள்வி. ஊர் மன்றம் என்றால் பள்ளி, சாலை, குப்பை மட்டும்தானே என்று நினைக்கலாம். அங்கே அப்படி முடிந்துவிடாது. நாடாளுமன்றத்தில் எவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் அவையில் உள்ளாட்சி மன்றங்களின் பிரதிநிதிகளும் உட்காருவார்கள். 2001இலும் 2006இலும் அதிபர்கள் அப்படித்தான் தேர்வானார்கள். ஆகவே பாதுகாப்பு வாதத்தை வெறும் சாக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆனாலும் இதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. சட்டம் ஆளைப் பார்க்கவில்லை, கடவுச்சீட்டை மட்டும் பார்க்கிறது. நார்வாவில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே வரி கட்டி ஓய்வுபெற்ற பெண்மணிக்கும், போரை வெளிப்படையாக ஆதரிப்பவருக்கும் ஒரே தீர்ப்பு. போரை வெறுத்தும் ரஷ்யக் கடவுச்சீட்டை விட முடியாமல் இருப்பவருக்கும் அதேதான். அதோடு, இவர்கள் வாக்கால் ஒரு ஊரின் பாதுகாப்பு குலைந்தது என்று சுட்டிக்காட்டும்படியான சம்பவம் எதையும் நான் இந்த விவாதத்தில் பார்க்கவில்லை. அச்சம் நியாயமானது, ஆனால் தண்டனை அகலமாக விழுந்திருக்கிறது.

எந்தக் குடியுரிமையும் இல்லாத, சாம்பல் நிறக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சுமார் 60,000 பேரின் கதை இன்னும் கடினம். அவர்களுக்கு 2025 அக்டோபரில் மட்டும் கடைசியாக ஒருமுறை வாக்களிக்க இடைக்கால ஏற்பாடு இருந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029இல். அப்போது அவர்களுக்கும் வாக்கு இல்லை. விசுவாசம் காட்ட வேறொரு நாடே இல்லாதவர்களைப் பாதுகாப்பின் பெயரால் விலக்கியது எனக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை.

ரஷ்யா, பெலாரஸ் பெயர்கள்தான் செய்தியில் அடிபட்டன. ஆனால் விதி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள எல்லா நாட்டினரையும் தொடுகிறது. பிரிட்டன், அமெரிக்கா, உக்ரைன் குடிமக்களுக்கும் வாக்கு போயிற்று. தலைநகர் தாலினில் ஐ.டி. வேலையில் இருக்கும் நம்மவர்கள் நீண்டகாலக் குடியிருப்பு பெற்றிருந்தாலும், இந்தியக் கடவுச்சீட்டோடு இனி நகராட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியாது.

திரும்பப் பெற வழி? குடியுரிமை மட்டும்தான். வழக்கமான பாதையில் எட்டு ஆண்டு வசித்திருக்க வேண்டும், அதில் ஐந்து ஆண்டு நிரந்தரக் குடியிருப்பாக இருக்க வேண்டும். பி1 எனப்படும் இடைநிலை எஸ்டோனிய மொழித்தேர்வு, அப்புறம் அரசியலமைப்பு, குடியுரிமைச் சட்டம் பற்றிய தேர்வு. இவ்வாறு குடியுரிமை பெறுபவர் பழைய குடியுரிமையை விட்டுவிட வேண்டும். ரஷ்யக் குடிமக்களில் பலர் தயங்குவது இங்கேதான், எல்லைக்கு அப்பால் அம்மாவோ பிள்ளையோ இருப்பார்கள். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்களுக்கு அந்தத் தடை இல்லை, மொழிதான் தடை. ரஷ்ய மொழியே புழங்கும் ஊரில் அறுபது வயதுக்கு மேல் எஸ்டோனிய மொழியைப் பிடிப்பது லேசான வேலையில்லை. 2029க்கு முன் அவர்களைக் குடிமக்களாக்க அரசு நினைத்தால், நார்வாவிலேயே இலவச மொழி வகுப்புகளைப் பெருக்குவதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும்.