கிராண்ட் வருகிறது, சரி, உரிமை?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து என்னிடம் சட்ட ஆலோசனைக்கு வரும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் மாற்றுத்திறனாளி கிராண்ட், அதாவது அரசு தரும் உதவித்தொகை பற்றித்தான் கேட்கின்றன. பிள்ளையைச் சேர்க்க மறுத்த பள்ளி, சக்கர நாற்காலி ஏறாத அலுவலகம் என்று பேச்சை எடுத்தால், "அதுக்கெல்லாம் என்னம்மா செய்ய முடியும்?" என்பார்கள். நிறையச் செய்ய முடியும்.

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்புச் சட்டம், 9ஆம் பிரிவில் இனம், மதத்தோடு மாற்றுத்திறனாளி நிலையையும் வெளிப்படையாகச் சொல்லி, அதன் பேரில் நியாயமற்ற பாகுபாடு கூடாது என்கிறது. 2000இல் வந்த சமத்துவச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தேவையான வசதியைத் தராததும், தடையை நீக்காமல் விட்டுவைப்பதும்கூட அதன்படி பாகுபாடுதான். "யாரையும் ஒதுக்கணும்னு நாங்க நினைக்கலையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வழக்கைச் சமத்துவ நீதிமன்றத்தில் போடலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே அது நடக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தானே வர இயலாதவருக்காக இன்னொருவர் மனு கொடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: பாகுபாடு நடந்ததற்கு முதல்நோக்கில், அதாவது மேலோட்டமாகப் பார்த்தாலே நம்பும்படி, ஆதாரம் காட்டினால் போதும். அப்புறம், அது நடக்கவில்லை அல்லது நியாயமானது என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. ஆகவே வசதி கேட்பதை எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்தே முல்லர் சக்கர நாற்காலியில் இயங்கும் வழக்கறிஞர். தொழில் செய்யப் போன நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே அவரை ஆட்கள் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. அவர் சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனார். 2004இல் நீதித்துறை அமைச்சகம் தவறை ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. நீதி வழங்கும் கட்டடத்தையே தட்டிக்கேட்க முடிந்ததென்றால், தெருமுனைக் கடையை ஏன் கேட்கக்கூடாது?

வேலையிடப் பிரச்சினைக்கு மட்டும் வழி வேறு, அது சிசிஎம்ஏ என்னும் தொழில் தகராறு சமரச, நடுவர் ஆணையம். பாகுபாட்டுப் புகாருக்கு ஆறு மாதம், வேலைநீக்கத்துக்கு வெறும் 30 நாள். இந்த 30 நாள் தவறி வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

இன்னொன்று. சமத்துவச் சட்டம் அரசை மட்டுமல்ல, நம் கோயிலையும் கல்யாண மண்டபத்தையும் கட்டுப்படுத்தும். காவடித் திருவிழாவுக்குப் பந்தல் போடக் காசு திரட்டும் நிர்வாகக் குழுக்கள், அடுத்த கூட்டத்தில் சாய்தளத்துக்கும் ஒரு தொகை ஒதுக்கட்டும்.