நெருப்பைத் தேடிப் பறக்கும் வண்டு

‘காட்டுத்தீ என்றாலே விலங்குகள் தப்பி ஓடுவதைத்தான் காட்டுகிறார்கள். தீயை நோக்கிப் போகிற உயிர் ஏதாவது உண்டா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. அதைப் பற்றி எழுத எனக்கும் நெடுநாள் ஆசை.

முதலில் தப்பிப்பவர்கள் கதையை முடித்துவிடுவோம். பறவை பறந்துவிடும், மான் ஓடிவிடும். மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் ஆழமான வளைக்குள் இருப்பவை பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் எக்கிட்னா என்ற முள்ளுடம்புப் பாலூட்டி, தீக்குப் பிறகு உடல் வெப்பத்தைக் குறைத்துக்கொண்டு ஒடுங்கிக் கிடக்கும். மெதுவாக நகர்பவையும் மரத்தைவிட்டு இறங்காதவையும்தான் தீயிலேயே மாட்டிக்கொள்கின்றன. பிழைத்தவற்றுக்கும் ஆபத்து இனிமேல்தான். தின்ன ஒன்றும் இருக்காது, ஒளிய இடமும் இருக்காது. வட ஆஸ்திரேலியாவில் காடேறிப்போன பூனைகள் எரிந்த இடம் தேடிப் பல கிலோமீட்டர் நடந்து வந்து வேட்டையாடுகின்றன. 2019-20இல் அந்நாட்டில் எரிந்த தீயில் சுமார் 300 கோடி முதுகெலும்பு விலங்குகள் இறந்தன அல்லது இடம்பெயர்ந்தன என்பது மதிப்பீடு.

சரி, நம் நாயகனுக்கு வருவோம். மெலனோஃபிலா என்ற கறுப்பு வண்டு. ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். நம்மூர்ப் பிள்ளைகள் கொடுக்காப்புளி இலை போட்டுத் தீப்பெட்டிக்குள் வளர்த்தார்களே பொன்வண்டு, அதே குடும்பம். தீப்பெட்டி பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

பச்சை மரத்தில் ஒரு வண்டு துளை போட்டால், மரம் பிசினைச் சுரந்து அதன் புழுவை மூழ்கடித்துவிடும். தீயில் கருகிய மரத்தால் அது முடியாது. பட்டைக்கு அடியில் உணவு அப்படியே இருக்கிறது, காவல் இல்லை. ஆகவே யார் முதலில் வந்து முட்டையிடுகிறார்களோ அவர்கள் பிள்ளைகளுக்கே விருந்து. தணல் அடங்குவதற்குள் இந்த வண்டுகள் வந்து, சூடான சாம்பலுக்கு நடுவிலேயே இணைசேர்கின்றன. விளக்கில் விழும் விட்டில் வழிதவறி வருவது. இது கணக்குப் பார்த்து வருவது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? வண்டின் வயிற்றுப்புறம், நடுக்கால்கள் உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழிகள். பறக்கும்போது நடுக்கால்களைத் தூக்கிக்கொள்வதால் குழிகள் வெளியே திறந்து நிற்கும். ஒவ்வொரு குழிக்குள்ளும் சுமார் 70 நுண்ணிய குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்கு அடியிலும் ஓர் உருண்டை. வெளி ஓடு கெட்டியானது, உள்ளே நுண்துளைகளில் திரவம். அந்த உருண்டைக்குள் ஒரு நரம்பின் நுனி நுழைந்திருக்கிறது.

பள்ளியில் படித்ததுதான்: பொருள் சூடேறச் சூடேற அது வீசும் கதிரின் அலைநீளம் குறையும். நம் உடம்பு வீசும் அகச்சிவப்புக் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர், ஒன்பது மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சம் தொடும். 700 டிகிரி செல்சியஸில் எரியும் காடு மூன்று மைக்ரோமீட்டரை ஒட்டி. அந்த உருண்டை நன்றாக உறிஞ்சுவதும் மூன்று மைக்ரோமீட்டர் கதிரைத்தான். கதிர் பட்டதும் உள்ளிருக்கும் திரவம் விரிய முயல்கிறது. கெட்டி ஓடு விட்டுக்கொடுப்பதில்லை. வேறு போக்கிடமில்லாத அழுத்தம் நரம்பு நுனியைப் போய் அமுக்குகிறது. சில மில்லிசெகண்டுகளில் நரம்பு துடித்துவிடும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். குழிவிரியன் பாம்புக்கும் முகத்தில் வெப்பக் குழி உண்டு. ஆனால் அங்கே ஒரு மெல்லிய சவ்வு சூடாவதை நரம்பு நேராகவே உணர்கிறது. வண்டின் நரம்புக்கோ வெப்பம் என்றால் என்னவென்றே தெரியாது. அது பூச்சிகளின் உடம்பு மயிர்களுக்கு அடியில் இருக்கும் சாதாரணத் தொடு நரம்பு. மயிர் அசைந்ததைச் சொல்ல இருந்த உறுப்பைக் கொஞ்சம் மாற்றி, காடு எரிவதைச் சொல்ல வைத்திருக்கிறது பரிணாமம். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஷ்மிட்ஸ் குழு இதை 1997இல் வெளியிட்டது. புகையிலுள்ள குவையகால் வகைச் சேர்மங்களை இதன் உணர்கொம்பு மிக நுட்பமாக மோப்பம் பிடிக்கும் என்று 1999இல் இன்னொரு ஜெர்மன் ஆய்வு காட்டியது.

எவ்வளவு தூரத்திலிருந்து என்பதில்தான் சண்டை. 1925இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில், மரமே இல்லாத வறண்ட பகுதியில், ஒரு பெரிய எண்ணெய்க் கிடங்கு எரிந்தது. வண்டுகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. 130 கிலோமீட்டருக்கு அப்பால் சியரா நெவாடா மலையடிவாரத்திலிருந்தே பெரும்பாலானவை வெப்பக் கதிரை உணர்ந்து வந்திருக்க வேண்டும் என்று 2012இல் ஷ்மிட்ஸும் ஹெர்பர்ட் பூசாக்கும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நரம்பில் நேரடியாக அளந்த உணர்திறனை வைத்துப் பார்த்தால் தூரம் இதைவிட மிகக் குறைவாகத்தான் வருகிறது. புகை வாடைக்கும் இதில் பெரும் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு பதிவு, 1943இல் லின்ஸ்லி என்ற பூச்சியியலாளர் எழுதியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரக் கால்பந்து மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் சிகரெட் புகைக்க, இந்த வண்டுகள் வந்து ரசிகர்களின் கழுத்திலும் கையிலும் கடித்துவைத்தன. இதை ஆராயப் பணம் கேட்டால், நம் ஊர் நிதிக் குழு என்ன பதில் சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் பயன் உண்டு: மிக நுட்பமான அகச்சிவப்புக் கருவிகள் பலவற்றைக் கடுங்குளிரில் வைத்தால்தான் வேலை செய்யும். குளிரூட்டாமலே அந்த வேலையைச் செய்யும் உணரிக்கு இந்த உருண்டையை மாதிரியாக எடுத்துப் பொறியாளர்கள் முயல்கிறார்கள். ‘என்ன பயன்’ என்ற கேள்வியை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்டிருந்தால் இந்த வேலை தொடங்கியே இருக்காது.

வண்டுக்குப் பின்னால் மரங்கொத்தி வரும். வட அமெரிக்காவின் கருமுதுகு மரங்கொத்தி, கருகிய மரத்தில் ஒட்டி நின்றால் கண்ணுக்கே தெரியாது. அதன் உணவு, பட்டைக்குள் வளரும் பொன்வண்டுக் குடும்பப் புழுக்களும் நீள்கொம்பு வண்டுகளின் புழுக்களும். தீக்குப் பின் சில ஆண்டுகள் மட்டும் அங்கே தங்கி, புழு குறைந்ததும் அடுத்த தீயைத் தேடிப் போய்விடும். அது குடைந்த பொந்துகளில் பிறகு மற்றப் பறவைகள் குடியேறும். கருகிய மரம் வீண்தானே, வெட்டி விற்றுவிடலாம் என்று வனத்துறையும் மர வியாபாரிகளும் அவசரப்படுவது அமெரிக்காவில் பெரிய சர்ச்சை. நான் மரங்கொத்தியின் கட்சி.

அதற்காகத் தீ பெரிதாகப் பெரிதாக நல்லது என்று அர்த்தமில்லை. இந்த மரங்கொத்தியே பெரும்பாலும் எரிந்த பகுதியின் ஓரமாக, பச்சைக் காட்டுக்கு எட்டும் தூரத்தில்தான் கூடு வைக்கிறது. பறக்கப் பழகும் குஞ்சுகள் வல்லூறுகளிடமிருந்து ஒளிய இலையுள்ள மரம் வேண்டும். 2013இல் கலிஃபோர்னியாவில் பற்றிய ‘ரிம்’ என்ற காட்டுத்தீ இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அத்தகைய தீயில் ஒரே சீராகக் கருகிப்போன நடுப்பகுதிகளில், வண்டுக்கு எத்தனை மரம் கிடைத்தாலும், மரங்கொத்தி கூடு கட்டுவது அரிது.