வெயில் படறதுக்குள்ள சுருட்டற பட்டுத் தங்கா

பூட்டான்ல பாரோ திருவிழாவோட கடைசி நாள் அவ்ளோ பெரிய தங்காவை (பௌத்த மத உருவம் இருக்கற, சுருட்டி வைக்கற துணிப் படம்) இருட்டுலயே விரிச்சு, வெயில் படறதுக்குள்ள சுருட்டிடறாங்களே, அது வெறும் சாங்கியமான்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

சாங்கியம்தான், ஆனா உள்ள நல்ல கெமிஸ்ட்ரி இருக்கு. இவ்ளோ பெரிய தங்கா பெரும்பாலும் பெயிண்டிங்கே கிடையாது. சின்னதுன்னா பருத்தித் துணில சாக்பீஸ் பொடியும் பசையும் பூசி வரைவாங்க, அதையே கட்டட உயரத்துக்கு வரைஞ்சு சுருட்டினா பூச்சு வெடிச்சு உதிர்ந்துடும், அதனால பட்டுத் துண்டுகளை வெட்டி வச்சுத் தைச்சே பௌத்த குரு பத்மசம்பவர் உருவத்தைக் கொண்டு வராங்க. பாத்தாலே பாவம் போயிடும்னு நம்பிக்கை, விடியறதுக்கு முன்னாடியே கூட்டம் சேந்துடும்.

பட்டுங்கறது ஃபைப்ராயின்னு ஒரு புரோட்டீன். அதுல இருக்கற டைரோசின், ட்ரிப்டோஃபான்ங்கற ரெண்டு அமினோ அமிலமும் புற ஊதாக் கதிரை உறிஞ்சும், அங்க ஆக்சிஜன் சேந்து ரியாக்‌ஷன் நடந்து நீளமான புரோட்டீன் சங்கிலி அங்கங்க அறுந்துபோகும், பட்டு மஞ்சளாகி நொறுங்கும், சாயமும் வெளுக்கும். பட்டுப்புடவையை நிழல்ல காயப்போடச் சொல்றதும் இதுக்குத்தான். இந்தச் சேதம் ஆறவே ஆறாது, பட்ட வெளிச்சமெல்லாம் கணக்குல ஏறிட்டே போகும், வெளிச்சத்தை நேரத்தால பெருக்கினா அதான் மொத்த டோஸ்.

இப்போ கணக்கைப் பாருங்க. மியூசியத்துல பட்டுக்கு வழக்கமா 50 லக்ஸ்தான் வைப்பாங்க (லக்ஸ்ங்கறது வெளிச்சத்தை அளக்கற அலகு), உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ், அப்போ ஒரு மணி நேர வெயில் 2,000 மணி நேர மியூசியத்துக்குச் சமம், தினம் 8 மணி நேரம்னா 250 நாள்! சூரியன் எட்டிப் பாக்கற நேரத்துல சுமார் 400 லக்ஸ்தான், அதுல ஒரு மணி நேரம்னா மியூசியத்துல ஒரே நாள். அதோட அப்போ ஒளி காத்துக்குள்ள ரொம்ப தூரம் வரணும், வழியிலயே புற ஊதா பெரும்பகுதி சிதறியும் ஓசோன்ல மாட்டியும் போயிடும். பாரோ 2,200 மீட்டருக்கு மேல இருக்கற ஊர், அந்த உயரத்துல பகல் வெயில்ல புற ஊதா இன்னும் அதிகம்.

பாவம் போகும்ங்கறதை நான் நம்பல. ஆனா லக்ஸ் மீட்டர் இல்லாத காலத்துலயே துணி நைஞ்சு போறதைப் பாத்துப் பாத்து வந்த விதியாத்தான் இது எனக்குத் தெரியுது, இதை மூடநம்பிக்கைன்னு தள்ளிடக் கூடாது. லடாக் ஹெமிஸ் மடத்துல பெரிய தங்காவை 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளிய எடுக்கறாங்க, 2004, 2016, அடுத்தது 2028, அந்த இடைவெளியாலயே டோஸ் குறைஞ்சுடுது. அதுக்குள்ள அந்தப் பட்டு எவ்ளோ தாங்கும்னு மடத்தோட சம்மதத்தோட அளந்து பாக்க அரசு பணம் ஒதுக்கணும், துணிப் பாதுகாப்பு ஆராய்ச்சியும் அறிவியல்தான்.