பழுது யாருடையது? கைத்தொலைபேசிக் குறைபாடும் வாடிக்கையாளர் நம்பிக்கையும்

2007 ஆகஸ்ட் மாதத்தில் நொக்கியா நிறுவனம் தனது பிஎல்-5சி மின்கலங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை அறிவித்தலை வெளியிட்டது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் தயாரித்த 4 கோடியே 60 இலட்சம் மின்கலங்களில் சில, சார்ஜ் ஏற்றும்போது உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. அதுவரை உலகம் முழுவதும் அறியப்பட்ட சம்பவங்கள் ஏறத்தாழ 100 மட்டுமே. கணக்கிட்டுப் பார்த்தால், நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கலங்களுக்கு ஒன்று. திருகோணமலையில் இன்றும் பொத்தான் போன்களிலும் சிறிய வானொலிப் பெட்டிகளிலும் காணப்படுவது அதே வகையான தட்டை மின்கலந்தான். அதன் பின்புறத்தில் அச்சிட்டிருந்த எண்ணைச் சரிபார்த்து, பாதிக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்ததாயின் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனம் அறிவித்தது. இத்தனை அரிதான ஒரு பழுது, பழுதே காணாத கோடிக்கணக்கானோரின் மனத்திலும் ஏன் ஐயத்தை விதைக்கிறது என்பதை நிகழ்தகவைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது.

பொறியியலாளர் பத்து இலட்சத்துக்கு எத்தனை என்று கேட்கிறார். வாங்கியவர் ஏன் என்று கேட்கிறார். இந்த ‘ஏன்’ எவ்வாறு இயங்குகிறது என்பதை உளவியலாளர் பேர்னாட் வைனர் காரணங்கற்பித்தல் கோட்பாட்டின் வழியே விளக்கினார். ஆய்வாளர் வலெரி ஃபோக்ஸ் அக்கோட்பாட்டை 1984ஆம் ஆண்டில் பழுதான பொருட்களுக்குப் பொருத்திப் பார்த்தார். பழுதைக் கண்டவர் மூன்று விடயங்களைத் தனக்குள் தீர்மானிக்கிறார்: காரணம் தன்னிடமா, தயாரித்தவரிடமா? அது ஒருமுறை நேர்ந்ததா, இனியும் நேருமா? தயாரித்தவர் நினைத்திருந்தால் அதைத் தடுத்திருக்க முடியுமா? காரணம் தயாரித்தவரிடம் என்று முடிவு செய்தவர் பணத்தையும் மன்னிப்பையும் தனது உரிமையாகக் கருதுகிறார். இனியும் நேரும் என்று கருதுபவர் மாற்றுப் பொருளை விரும்பாமல் பணத்தையே திருப்பிக் கேட்கிறார். தடுத்திருக்கலாம் என்று கருதுபவருக்குக் கோபம் வருகிறது. அந்த நிறுவனத்தின் வியாபாரம் கெடவேண்டும் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து வருகிறது. ஒரே பழுதுக்கு வெவ்வேறு மனிதர் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

இந்த மூன்று கேள்விகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் பெற்ற விதத்தை 2016இல் வெளியான சாம்சங் கலக்ஸி நோட் 7 போல் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை. லித்தியம் அயன் மின்கலத்தில் நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் பிரித்து நிற்பது தலைமயிரிலும் மெல்லிய ஒரு பிளாத்திக்குத் தாள். அந்தத் தாள் ஓரிடத்தில் கிழிந்தாலோ நசுங்கினாலோ இரு மின்வாய்களும் தொட்டுக்கொள்கின்றன. தொட்ட இடத்தில் பெருமளவு மின்னோட்டம் பாய்ந்து வெப்பம் உண்டாகிறது. ஏறத்தாழ 130 பாகை செல்சியஸில் பொலிஎத்திலீன் தாள் உருகத் தொடங்குவதால் தொடுகை மேலும் விரிகிறது. பின்னர் உள்ளிருக்கும் இரசாயனப் பொருட்களின் தாக்கங்களே வெப்பத்தைப் பெருக்கி, எரியக்கூடிய மின்பகுதிரவத்தைப் பற்றவைக்கின்றன. நோட் 7க்கு இரு வழங்குநர்களிடமிருந்து மின்கலங்கள் வந்தன. முதலாவது வழங்குநரின் மின்கலத்தில் மேல் வலது மூலையில் உறைக்குள் போதிய இடம் இல்லாமையால் எதிர்மின்வாய் வளைந்திருந்தது. இரண்டாவது வழங்குநரின் மின்கலத்தில் பற்றவைப்பின்போது எஞ்சிய கூரிய உலோகப் பிசிறுகள் காப்பு நாடாவையும் பிரிதாளையும் துளைத்தன. சிலவற்றில் அந்த நாடாவே இருக்கவில்லை.

முதலாவது பழுது வெளிப்பட்டபோது 35 சம்பவங்கள் மட்டுமே அறியப்பட்டிருந்த நிலையில், செப்டெம்பர் 2ஆம் திகதி ஏறத்தாழ 25 இலட்சம் தொலைபேசிகளைச் சாம்சங் மீள அழைத்தது. அந்த வேகம் பலராலும் பாராட்டப்பட்டது. ஒரு தொகுதி மின்கலத்தில் நேர்ந்த தவறு, மாற்றித் தந்தால் முடிந்துவிடும் என்றே வாங்கியவர்களும் எண்ணினர். ஆனால் இரண்டாவது வழங்குநரின் மின்கலத்தோடு மாற்றித் தரப்பட்ட தொலைபேசிகளும் தீப்பற்றின. அக்டோபர் 5ஆம் திகதி அமெரிக்காவின் லூயிவில் நகரில், புறப்படுவதற்கு முன் ஒரு விமானத்துக்குள் மாற்றுத் தொலைபேசி ஒன்று புகைந்ததால் பயணிகள் இறக்கப்பட்டனர். சில நாட்களில் உற்பத்தி முற்றாக நிறுத்தப்பட்டது. தொழில்நுட்ப அளவில் இரண்டாவது பழுது முதலாவதிலிருந்து முற்றிலும் வேறானது. ஆயினும் வாங்கியவருக்கு அது ஒரே பழுதின் தொடர்ச்சி. ‘ஒருமுறை நேர்ந்தது’ என்ற பதில் ‘எப்போதும் நேரும்’ என்று மாறிய கணம் அதுவே, மதிப்பு உண்மையில் சரிந்ததும் அப்போதுதான். அந்த ஆண்டின் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலாண்டுக்கான கணக்கில் சாம்சங்கின் கைத்தொலைபேசிப் பிரிவின் இலாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுகையில் 96 சதவீதம் வீழ்ந்தது.

அடுத்த ஆண்டு ஜனவரி 23ஆம் திகதி அந்நிறுவனம் செய்ததை அதன் மீட்சியின் முக்கிய காரணமாக நான் கருதுகிறேன். ஏறத்தாழ 2 இலட்சம் தொலைபேசிகளையும் 30 ஆயிரம் மின்கலங்களையும் சோதித்து, வெளி ஆய்வு நிறுவனங்களையும் அழைத்து, இரு வகை மின்கலங்களினதும் குறைபாட்டைப் படம் வரைந்து காட்டியது. வழங்குநர்மீது பழியைச் சுமத்தி ஒதுங்காமல், மின்கலத்தின் அளவுத் தேவைகளைத் தானே விதித்ததையும், விற்பனைக்கு முன் பிழையைக் கண்டுபிடிக்கத் தவறியதையும் ஒப்புக்கொண்டு, எட்டுக் கட்டச் சோதனை முறையொன்றை அறிவித்தது. ‘ஏன்’ என்ற கேள்விக்கு முழுமையான பதில் கிடைத்தால், பழுதின் காரணம் அந்த ஒரு மாதிரிக்குள் அடங்கிவிடுகிறது. நிறுவனத்தின் பெயர் முழுவதையும் அது பற்றிக்கொள்வதில்லை. அதே ஆண்டு வந்த சாம்சங் கலக்ஸி எஸ்8 நன்றாகவே விற்றது.

இனித் திருகோணமலைக்கு வருவோம். இங்கே காரணம் அத்தனை தெளிவாகத் தெரிவதில்லை. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கடலுக்குச் செல்பவர்களின் தொலைபேசியில் அது நேரடியாகவே படிகிறது. திருத்துபவர் சார்ஜிங் பின்னை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கும்போது, நடுவே உள்ள சிறு தகடுகளில் ஒன்றிரண்டு கறுத்து, ஓரத்தில் பச்சை நிறக் களிம்பு ஏறியிருப்பதைக் காணலாம். தங்கமுலாம் மிக மெல்லியது; அதன் நுண்துளைகளினூடாக உப்பு ஈரம் உள்ளே சென்று அடியிலுள்ள செம்பைத் தொடுகிறது. சார்ஜர் பொருத்தப்பட்டிருக்கையில் அந்த ஈரப்படலத்தின் ஊடாக மின்னோட்டம் கசிவதால், வெறுமனே கிடக்கும்போது மாதக்கணக்கில் நடக்கும் அரிப்பு விரைவில் நடந்துவிடுகிறது.

மேசைக்கு இப்பக்கம் நிற்கும் மீனவர் கேட்பது ஃபோக்ஸ் எழுதிய முதற்கேள்வியேதான்: “தம்பி, இது கம்பனிப் பிழையோ, நான் பாவிச்சதில வந்த பிழையோ?” திருத்துபவர் “உப்புத் தண்ணி பட்டிருக்கு ஐயா” என்றால் விடயம் அங்கேயே முடிகிறது. “இந்த மொடல் எல்லாத்துக்கும் இப்பிடித்தான் வருது ஐயா” என்றால், அந்த நிறுவனத்தின் பெயர் அன்று மாலையே மீன்வாடியிலும் தேநீர்க்கடையிலும் பேசப்படுகிறது. நிறுவனத்தின் அறிக்கையோ சோதனை முடிவோ இந்த மேசைக்கு வந்து சேர்வதில்லை. வந்து சேராத இடத்தில் திருத்துபவரின் ஒற்றை வாக்கியமே தீர்ப்பாகிறது.

காரணம் தெளிவில்லாதபோது பழைய மதிப்பு தராசின் ஒரு பக்கத்தை அழுத்துகிறது. நிராஜ் தவார், மதன் பிள்ளுத்லா ஆகிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் காட்டியது இதைத்தான்: நிறுவனத்தைப் பற்றி ஏற்கெனவே உயர்ந்த எதிர்பார்ப்புக் கொண்டவர்கள், அது தெளிவற்ற பதிலைத் தந்தாலும் அதை அதற்குச் சாதகமாகவே விளங்கிக்கொள்கிறார்கள், எதிர்பார்ப்புக் குறைந்தவர்கள் அவ்வாறு செய்வதில்லை. நல்ல பெயர் வாங்கிய நிறுவனத்தின் தொலைபேசியில் களிம்பு ஏறினால் குற்றம் கடலுக்கு; பெயர் தெரியாத நிறுவனத்தின் தொலைபேசியில் ஏறினால் குற்றம் நிறுவனத்துக்கு.

ஆனால் நிறுவனமே கடலைக் காட்டி விற்றிருந்தால் அந்தச் சாதகம் அழிந்துவிடும். ஐபி68 போன்ற நீர்த்தடுப்புத் தரங்கள் நன்னீரில் சோதிக்கப்படுபவை. உப்புநீருக்கு அவை எந்த உறுதியும் தருவதில்லை. சாம்சங்கின் அவுஸ்திரேலியக் கிளை தனது தொலைபேசிகளைக் கடலிலும் நீச்சல் தடாகத்திலும் பாவிப்பதாக விளம்பரங்களில் காட்டியது; நனைந்த நிலையில் சார்ஜ் ஏற்றினால் சார்ஜிங் பின் அரிக்கப்படலாம் என்பது பின்னர் வெளிவந்தது. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தியதாக ஒப்புக்கொண்ட அக்கிளைக்கு 2022இல் 1 கோடியே 40 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடலில் குளிக்கும்போது படம் எடுக்க விரும்புபவர் அறிந்திருக்கவேண்டிய செய்தி இது. வாங்கும்போது எத்தனை கடைகளில் இதைச் சொல்கிறார்கள் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

தடுத்திருக்க முடியுமா என்ற மூன்றாவது கேள்வியின் கனத்தை அப்பிள் நிறுவனம் 2017இல் உணர்ந்தது. மின்கலம் பழையதாகும்போது அதன் உட்தடை கூடுகிறது. செயலி திடீரென அதிக மின்னோட்டத்தைக் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து தொலைபேசி அணைந்துவிடுகிறது. நம்மூர் வெப்பத்தில் இந்த முதுமை இன்னும் விரைவாக வருகிறது. அவ்வாறு அணைவதைத் தடுக்க அப்பிள் ஒரு மென்பொருள் அப்டேட் மூலம் பழைய ஐபோன்களின் உச்ச வேகத்தைக் குறைத்தது. பொறியியல் நோக்கில் நியாயமான தீர்வு. ஆனால் பாவனையாளருக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. புதியதை வாங்கவைக்கவே பழையதை மெதுவாக்கினார்கள் என்ற எண்ணம் பரவியதும், டிசம்பர் மாத இறுதியில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலருக்குக் குறைத்தது. மின்கலத்தின் முதுமையை எவராலும் தடுக்க முடியாது, மறைத்ததைத் தடுத்திருக்கலாம்; மக்கள் கோபப்பட்டது இரண்டாவதற்கே.

இத்தனைக்குப் பிறகும் பலர் அதே நிறுவனத்திலேயே தங்குகிறார்கள். இதை விசுவாசம் என்று எளிதில் எடுத்துக்கொள்ளக் கூடாது. விரும்பித் தங்குவதையும் வழக்கத்தாலோ வேறு வழியின்றியோ தங்குவதையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று சந்தைப்படுத்தல் ஆய்வாளர் ஜோர்ஜ் டே 1969இலேயே வலியுறுத்தி, பின்னதைப் போலி விசுவாசம் என்றார். படங்கள், உரையாடல்கள், பழகிய விசைப்பலகை எல்லாம் ஒரு தொலைபேசிக்குள் இருக்கும்போது வெளியேறுவது செலவு மிக்க காரியம். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பிய தொலைபேசியைப் பாவிப்பவருக்குத் தெரிவு செய்யும் வாய்ப்பே இருந்திருக்காது. பெரும்பாலும் அதற்கு இங்கே கம்பனி வாரண்டியும் கிடையாது.

பழுதை நன்றாகத் தீர்த்துவைத்தால் வாடிக்கையாளர் முன்னரைவிட அதிகம் விரும்புவார் என்று விற்பனைத் துறையில் ஒரு நம்பிக்கை உண்டு. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2007இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று இதைப் பாதியளவுக்கே உறுதிசெய்தது: திருப்தி உயர்கிறது, ஆனால் மீண்டும் வாங்கும் எண்ணம் அதற்கேற்ப உயர்வதில்லை. இரண்டாம் முறையும் பழுதானால் அந்தத் திருப்தியும் மிஞ்சுவதில்லை என்பதை வேறோர் ஆய்வு காட்டியிருக்கிறது. கொழும்பிலுள்ள சேவை நிலையத்துக்குப் பார்சல் அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, அதே பழுதோடு திரும்பப் பெற்றவரிடம் கேட்டால் இதற்கு ஆய்வே தேவைப்படாது.

நிறுவனங்கள் தம் பொருளின் தரத்தைப் பெரும்பாலும் வாரண்டிக் கோரிக்கைகளையும் திருப்பித் தரப்பட்ட பொருட்களையும் கொண்டு கணக்கிடுகின்றன. கடை வாரண்டியோடு வாங்கப்பட்ட தொலைபேசி, வெளிநாட்டிலிருந்து வந்த தொலைபேசி, வாரண்டி முடிந்தபின் களிம்பேறிய சார்ஜிங் பின், திருகோணமலை மத்திய வீதிக் கடையொன்றில் வேற்றுத் தயாரிப்பு டிஸ்ப்ளே போட்டுத் திருத்தப்பட்ட திரை ஆகிய எவையும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. திருத்தும் கடைகளில் எந்த மாதிரிக்கு எந்தப் பழுது எத்தனை முறை வந்தது என்பதைக் கேட்டறிந்து பதிவுசெய்ய ஓர் ஏற்பாடு இருந்தால், அடுத்த மாதிரியைத் தயாரிப்பதற்கு முன்பே பழுது தயாரிப்பாளருக்குத் தெரிந்துவிடும். அதுவரை, இங்கே வாடிக்கையாளர் ஒருவர் விலகிப்போனதை அந்த நிறுவனம் அறிவது, அவர் வாங்காமல் விட்ட அடுத்த தொலைபேசியின் மூலந்தான்.