கிட் கார் கட்டப்போகிறவர்கள் கருவி வாங்கும் முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களை ஒட்டி வளர்ந்த ஊர்களில் வண்டி வேலை தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் சிலர் இப்போது தாமான் (குடியிருப்பு) வீட்டு முற்றத்திலேயே கிட் கார், அதாவது பாகங்களைச் சேர்த்துத் தாங்களே உருவாக்கும் கார், கட்டப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் 1957இல் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் லோட்டஸ் செவன் பாணிதான்: இரண்டு இருக்கை, சதுரக் குழாய்ச் சட்டகம், கூரை கிடையாது. இஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றுக்கும் 'டிஎக்ஸ்' என்று நாம் சொல்லும் பழைய டொயோட்டா கேஇ70 கொரோல்லா. பின்சக்கர ஓட்டம் என்பதால் அது பொருந்துகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய புரோட்டான் சாகாவை வாங்காதீர்கள். அதில் இஞ்சின் குறுக்கே கிடக்கும். இந்தச் சட்டகத்தின் ஒல்லியான மூக்குக்குள் போகாது.

முதலில் காகித வேலை. ஒரு ஸ்பேனர்கூட வாங்கும் முன், இப்படி ஒரு வண்டியைப் பதிவு செய்ய முடியுமா, என்னென்ன பரிசோதனை என்று சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய காரின் கிராண்ட் (பதிவுச் சான்று) இருந்தால் போதும் என்பது தப்புக் கணக்கு. பழைய சேசிஸ் எண்ணை வெட்டிப் புதுச் சட்டகத்தில் ஒட்டுவது குற்றம். பதில் சாதகமாக இல்லையென்றால், பந்தய சர்க்யூட்டில் மட்டும் ஓட்டும் வண்டியாகத் திட்டமிடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

கருவிக்கு வருவோம். பணம் குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இது கெட்டால் வேலை நிற்குமா, ஆள் அடிபடுவானா? வேலைதான் நிற்கும் என்றால் மலிவாக வாங்குங்கள். சுத்தியல், ஸ்குரூடிரைவர், கிளாம்ப் எல்லாம் அந்த ரகம். ஆன்லைனில் வரும் 108 துண்டு சாக்கெட் செட்டில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். டொயோட்டாவுக்கு 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. போதும். ஹார்ட்வேர் கடையில் வாங்கும் எம்8 போல்ட்டின் தலை 13 என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு முனை சாக்கெட்டே வாங்குங்கள். பன்னிரண்டு முனை, துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும்.

தூக்கிய வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட், ஆள் அடிபடும் இரண்டாவது ரகம். 3 டன் ஜோடி இரண்டு வேண்டும். சிமெண்ட் செங்கல்லும் உள்ளீடற்ற பிளாக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும், அவற்றின் மேல் வண்டியை ஏற்றவே கூடாது. முற்றம் செம்மண்ணாகவோ மெல்லிய பூச்சாகவோ இருந்தால், மழைக்குப் பிறகு ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் மெல்ல இறங்கும். நான்கு கால்களும் ஒன்றாக உட்காரும் அகலத்தில் தடிமனான இரும்புத் தகடு போடுங்கள்.

அதிகம் கோட்டைவிடும் இடம் பிரேக் குழாய். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், குழாய் முனையை விரித்து மடிக்கும் ஃபிளேரிங் செட் ஏர்கான் செம்புக் குழாய்க்கானது. அது ஒற்றை மடிப்புதான் போடும். பிரேக்குக்கு விளிம்பு இரண்டு அடுக்காக வரும் இரட்டை மடிப்பு வேண்டும். ஒற்றை மடிப்பு அழுத்தத்தில் வெடிக்கும். குழாய் 4.75 மி.மீ. செப்பு நிக்கலாக இருக்கட்டும். வெறும் செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும். டியூப் கட்டரால் நறுக்கி, உள்விளிம்புப் பிசிறை எடுத்து, வெளிவிளிம்பை லேசாகச் சாய்த்துத் தேய்க்கவேண்டும். பிறகு நட்டை மாட்டவேண்டும் (இதை மறந்து மடிப்பு போட்டுவிட்டு, வெட்டி மறுபடி தொடங்காதவர் குறைவு). செட்டில் வரும் சிறு அடாப்டரின் அடிப்படி எவ்வளவு உயரமோ அவ்வளவே குழாய், அதை இறுக்கிப் பிடிக்கும் அச்சுக்கட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். கூடினால் மடிப்பு கோணும், குறைந்தால் விளிம்பு மெலியும். அடாப்டரை வைத்து ஒரு அழுத்து, எடுத்துவிட்டு வெறும் கூம்பால் இன்னொரு அழுத்து. துண்டுக் குழாயில் பழகி, வரிசையாகச் சில சரியாக வந்த பிறகே வண்டிக்குப் போடுங்கள். டாட் 4 பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 230 டிகிரிக்குக் குறையாமல் இருக்கவேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறினால் 155 வரைக்கும் இறங்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து வைத்த பாட்டிலை மிச்சம் பிடிக்காதீர்கள்.

வெல்டிங்கில் என் கருத்து கொஞ்சம் கறார். சட்டகத்தை நீங்களே வெட்டிப் பொருத்தி டேக் (ஆங்காங்கே சிறு பொட்டு வெல்டிங்) மட்டும் வையுங்கள். முழு வெல்டிங்கை மெல்லிய குழாயில் மிக் (கம்பி தானாக ஓடும் வெல்டிங்) வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். இரும்பு கேட் செய்கிறவர் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், 25 மி.மீ. சதுரம், 1.6 மி.மீ. சுவர் கொண்ட குழாயில் குச்சி வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். யார் செய்தாலும் ஒரு சோதனை: மிச்சத் துண்டுகளில் டி வடிவ மூட்டு ஒன்றைப் போடச் சொல்லி, வைஸில் இறுக்கிச் சுத்தியலால் மடக்குங்கள். குழாய் கிழிந்தால் நல்லது. வெல்டிங் வரி அப்படியே உரிந்து வந்தால் அவர் வேண்டாம். கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் கம்பி மெஷின் வாங்கினால், டார்ச் நெகட்டிவ் பக்கம் இருக்கவேண்டும். மாறியிருந்தால் தெறிப்பு அதிகமாகி, வரி மேலோடு உட்காரும். 'டியூட்டி சைக்கிள் 20%' என்றால் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் ஓட்டலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயும் வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சல் தரும்.

இரும்பு வெட்டும் ஆங்கிள் கிரைண்டரில் வட்டை மறைக்கும் கார்டைக் கழற்றாதீர்கள். 4 அங்குல வட்டில் அனுமதித்த வேகம் அச்சிட்டிருக்கும். மெஷினின் வேகம் அதைத் தாண்டக்கூடாது.

போல்ட்: சஸ்பென்ஷனுக்கு 8.8 தரத்துக்குக் குறையாமல், நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டோடு. பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் போட வேண்டாம். கடையில் கிடைக்கும் ஏ2-70, 8.8ஐவிடச் சீக்கிரம் வளைந்து நீளும். சீட் பெல்ட் போல்ட் 7/16 அங்குல யுஎன்எஃப் மரை, அதற்கு மாற்று கிடையாது. குறித்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்னும் டார்க் ரெஞ்சு அரை அங்குலம் ஒன்று, கால் அங்குலம் ஒன்று வாங்குங்கள். பெரியதை வைத்து எம்6 போல்ட்டை இறுக்கினால் 'கிளிக்' கேட்கும் முன்பே போல்ட் முறியும். உலர்ந்த எம்8, 8.8க்கு 25 நியூட்டன் மீட்டர் சுமாராகச் சரி. எண்ணெய் தடவியிருந்தால் குறைக்கவேண்டும். இறுக்கிய ஒவ்வொன்றின் மேலும் பெயிண்ட் பேனாவால் நட்டையும் தகட்டையும் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். கோடு விலகியிருக்கும் மற்ற நட்டுகளையும் அப்போதே கவனிக்கலாம். இஞ்சின் கிரேன் மட்டும் வாங்காதீர்கள். இரண்டு மூன்று முறைதான் வேண்டியிருக்கும், வாடகைக்கு எடுங்கள். கையை முழுக்க நீட்டினால் 2 டன் கிரேன் 2 டன் தூக்காது. நீளத்துக்கு ஏற்ற எடை அந்தக் கையிலேயே எழுதியிருக்கும்.