சோ கார்: வடிகாலற்ற ஏரி உவர்க்கும் விதம்

தில்லியிலிருந்து மணாலி வழியாக லே செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர், மோரே சமவெளியைக் கடந்ததும் தக்லங் லா கணவாயை நோக்கி நேரே ஏறிவிடுகிறார்கள். டெப்ரிங் அருகே கிழக்கே பிரியும் பாதையில் சென்றால், ஏறத்தாழ 4,530 மீட்டர் உயரத்தில் சோ கார் ஏரியைக் காணலாம். லடாக்கி மொழியில் 'வெள்ளை ஏரி' என்பது இதன் பொருள். இப்பெயருக்குக் காரணம் பனி அன்று; கரைகளில் வெளிறிப் படிந்து கிடக்கும் உப்பே.

பனி உருகிவரும் நன்னீர் சேரும் ஏரி எவ்வாறு உவர்த்தது? பாறைகளைத் தழுவி ஓடும் ஓடைகள் அவற்றிலிருந்து உப்புகளைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு வருகின்றன. ஆற்றில் கலந்தால் அவை கடலைச் சென்றடையும். சோ காருக்கோ வெளியேறும் வழியே இல்லை. மழைமறைவுப் பகுதியான லடாக்கில், லே நகரிலேயே ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழைப்பொழிவு. வறண்ட காற்றும் கடும் வெயிலும் நீரை ஆவியாக்க, உப்பு மட்டும் ஏரியிலேயே தங்கிச் செறிவடைகிறது.

எல்லா உப்பும் ஒரே வேளையில் படிவதில்லை. நீர் செறிவடையும்போது பொதுவாக முதலில் பிரிவது கால்சியம் கார்பனேட்; தில்லியில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் படிகிற வெள்ளைப் படலமும் பெரும்பாலும் இதுதான். அடுத்து ஜிப்சமும், நீர் மிகவும் வற்றிய பின்னரே சோற்றுப்பும் படியும். சாங்பா மேய்ச்சல் மக்கள் முற்காலத்தில் இங்கே உப்புச் சேகரித்து, ஆடுகளின் முதுகில் ஏற்றிச் சென்று விற்றார்கள்.

இந்த விளக்கத்துக்கு மிகச் சிறந்த சான்று, தெற்கே அருகிலேயே இருக்கும் ஸ்டார்ட்சபுக் சோ என்ற சிற்றேரி என்பேன். வானிலையும் உயரமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் அது நன்னீர் ஏரி, ஏனெனில் அதன் நீர் தேங்கிவிடாமல் ஓர் ஓடை வழியே சோ காருக்குள் வடிந்துவிடுகிறது. தன் உப்பையும் அது பெரிய ஏரியிடமே ஒப்படைத்துவிடுகிறது. முன்னொரு காலத்தில் இரண்டும் ஒரே பெரிய ஏரியாக இருந்தன என்பதை, இன்றைய நீர்மட்டத்துக்கு வெகு மேலே மலைச்சரிவுகளில் காணப்படும் பழைய கரைக்கோடுகள் உணர்த்துகின்றன.

கருங்கழுத்துக் கொக்குகள் இப்பகுதியின் சதுப்புகளில் கூடு கட்டுகின்றன. அச்சதுப்புகளை வளர்ப்பது, உப்பு செறிவதற்கு முன் வந்துசேரும் நன்னீர். ஆகவே 2020இல் இரு ஏரிகளையும் ஒரே ஈரநிலத் தொகுதியாக உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தது மிகப் பொருத்தமானது: சிற்றேரிக்கு வரும் ஓடை தடைப்பட்டால், பெரிய ஏரியும் சுருங்கும்.